கோட்டுப் பையில் ஒரு வரி

ஜனவரி 12, வியாழன்

ரொட்டி தீர்ந்துவிட்டது. டோனலின் மாத்திரை வாங்க வேண்டும். குப்பைத் தொட்டியை இந்த வாரமும் வெளியே வைக்க மறந்துவிட்டேன்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஷிவான் வந்தாள். டோனலுக்குப் பக்கவாதம் வந்து மூன்று மாதம் ஆகிறது. வலது கை கொஞ்சம் தேறிவிட்டது, நடக்கிறான். வாய்தான் திறக்கவில்லை. கால்வே நகரத்திலேயே பெரிய வாயாடி என் தம்பி. இப்போது அவனிடம் மிச்சம் இருப்பது இரண்டே சொல். ஒன்று 'இல்ல'. மற்றது 'நாசமாப் போ'. ஆமாம் என்பதற்கும் 'இல்ல'தான். தலையை மேலும் கீழும் ஆட்டுகிறானா, பக்கவாட்டில் அசைக்கிறானா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

"ஒரு வழியா வராத பேச்சு இன்னொரு வழியா வரும் மேவ். சின்ன வயசுல மனப்பாடம் பண்ணது ஏதாவது இருக்கா? பாட்டு, ஜெபம், எதுனாலும் சரி" என்றாள் ஷிவான்.

ஜெபத்தை முயன்றோம். "நாசமாப் போ" என்றான் டோனல், மிகத் தெளிவாக. ஷிவான் சிரித்துவிட்டாள்.

அவள் போன பிறகுதான் உறைத்தது. அவனுக்கு மனப்பாடமாக இருந்த ஒன்று உண்டு. என் கவிதை. இருபது வயதில் இதே சமையலறையில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, என் குரலில், என்னைப் போலவே கண்ணை மூடிக்கொண்டு அதைச் சொல்லிக் காட்டுவான். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வரும்.

சரி, அதையே சொல்லிப் பார்ப்போம் என்று ஆரம்பித்தேன்.

*கதவின் பின்னால் ஒரு கொக்கி,
கொக்கியில் ஒரு கோட்டு,
கோட்டுக்குள் யாரும் இல்லை.
ஆனாலும் நாங்கள்
அதற்கு வழிவிட்டே நடந்தோம்.*

அதற்கு மேல் வரவில்லை. என் கவிதை. எனக்கே வரவில்லை.

ஜனவரி 13

எழுதி வைத்திருந்தால் இந்தக் கஷ்டம் இல்லை. ஆனால் அது ஹெனிகன் மாடியில் நடக்கும் கவிதைக் கூட்டத்துக்காகச் செய்த கவிதை. அங்கே காகிதத்தோடு யாரும் மேடை ஏறக் கூடாது. அதனால் எழுதிக்கொள்வதையே கேவலமாக நினைத்தோம், அந்த வயதுத் திமிர்.

அப்பாவின் கோட்டைப் பற்றிய கவிதை. கோட்டு இன்னும் அங்கேதான் தொங்குகிறது, கதவின் பின்னால். அம்மா போய்ச் சேர்ந்த பிறகும் டோனல் அதை எடுக்கவில்லை. நானும் இவனைப் பார்த்துக்கொள்ளக் கடல் தாண்டி லீட்ஸிலிருந்து வந்த நாளாக அதை உரசாமல் ஒதுங்கித்தான் போகிறேன். பழக்கம்.

ஜனவரி 20, வெள்ளி

நேற்று ஹெனிகன் மாடிக்குப் போனேன். முப்பது வருடம் கழித்து.

வியாழக்கிழமை கவிதைக் கூட்டம் இன்னும் நடக்கிறது. நடத்துவது அன்றைக்கும் இன்றைக்கும் நூலாதான். அன்றைக்கு அவளுக்குச் சிவப்பு முடி, இன்றைக்கு வெள்ளை. கவிதை சொல்ல வருகிறவர்கள் பேர் எழுதிப் போடும் அதே பிஸ்கட் டப்பா, மூடியில் அதே பூனைப் படம். சிகரெட் புகை மட்டும் இல்லை. படியேறும்போது அந்த வாசம் வரும் என்று மூக்கு காத்துக்கொண்டே இருந்தது; வராததும் ஏமாற்றமாகிவிட்டது. ஈரக் கோட்டுகளை வெப்பக்குழாயின் மேல் போட்டு ஆவி பறக்க உட்கார்ந்திருப்போமே! பின்னால் ஜன்னலோரம் டோனலின் மேசை. அவனும் அவன் கூட்டாளிகளும் கவிதை கேட்க வந்ததே இல்லை, கவிஞர்களைக் கலாய்க்க வந்தார்கள்.

நூலா என்னைப் பார்த்ததும், "யாரு இது, நம்ம மேவா? ஏண்டி, சொல்லாமக் கொள்ளாமப் போனியே, முப்பது வருஷமா உன் பேரை டப்பால தேடிட்டு இருக்கேன்!" என்றாள். கட்டிக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது எனக்கு. வெட்கமில்லை.

விதியும் மாறவில்லை. மனப்பாடமாகத்தான் சொல்ல வேண்டும். மறந்து நின்றால் குதிகாலால் தரையை ஒருமுறை தட்டலாம். தெரிந்தவர்கள் அடுத்த வரியை எடுத்துக் கொடுப்பார்கள். யாருக்கும் தெரியாவிட்டால் இறங்கிவிட வேண்டும். தட்டாமல் எதையாவது சொல்லி ஒட்டுவதுதான் அங்கே பெரிய குற்றம்.

ஏறினேன். முதல் ஐந்து வரி சொன்னேன். குரல் ஆட்டுக்குட்டி மாதிரி நடுங்கியது. தட்டினேன்.

இவர்களுக்கு எப்படித் தெரியும், பாதிப் பேர் அப்போது பிறந்திருக்கவே மாட்டார்களே என்று நினைத்தபோது முன்வரிசையிலிருந்து ஒரு கரகரத்த குரல்:

*வெளியே மழை பிடித்தால்
அம்மா அதைத் தொட்டுப் பார்ப்பாள்,
நனைந்திருக்கிறதா என்று.*

டெக்லன்! தபால் நிலையத்து டெக்லன். அன்றைக்கும் முன்வரிசை, இன்றைக்கும் முன்வரிசை. அவன் அந்த மூன்று வரியையும் இத்தனை காலம் வைத்திருந்திருக்கிறான், நான் தொலைத்துவிட்டதை. மேற்கொண்டு அவனுக்கும் வரவில்லை. இறங்கிவிட்டேன்.

ஜனவரி 22

டோனலுக்குச் சொன்னேன். 'தொட்டுப் பார்ப்பாள்' என்றதும் அவன் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. ஆனால் அசைந்தது, சத்தியமாக அசைந்தது.

பிப்ரவரி 3, வெள்ளி

நேற்று மாடியில் மூன்றாம் முறை. தெருவில் நடக்கும்போது, பாத்திரம் கழுவும்போது, மிச்சமும் கொஞ்சம் கொஞ்சமாக வந்துவிட்டது:

*பைகளைத் துழாவினேன்.
ஒரு கைக்குட்டை, பாதி மிட்டாய்,
கொஞ்சம் புகையிலைத் தூள்,*

இதற்கு அடுத்து ஒரு வரி. அதோடு கவிதை முடிகிறது. அந்தக் கடைசி வரிதான் கிடைக்கவில்லை.

"அந்த இடத்துல ஹாலே அமைதி ஆயிடுச்சு மேவ். அது நல்லா ஞாபகம் இருக்கு. ஒரு ஊசி விழுந்தா கேக்கும். வரி என்னன்னு கேட்டா வரமாட்டேங்குது பாரு" என்றான் டெக்லன்.

நூலா வேறு விஷயம் சொன்னாள். "வேகமா ஓடுற. லீட்ஸ்ல யாராவது துரத்துனாங்களா? கோட்டுன்னு சொன்னா எனக்கு அந்தக் கோட்டு தெரியணும். அதுக்கு முன்னாடி நீ அடுத்த வரிக்குப் போயிடுற."

சரிதான். சின்ன வயதில் மெதுவாகச் சொல்ல எனக்குப் பயமில்லை. இப்போது என்ன பயம்?

பிப்ரவரி 12, ஞாயிறு

கடைசி வரியைப் புதிதாகவே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். 'எங்களை நினைக்கும்படி ஒன்றும் இல்லை.' டோனலிடம் சொன்னேன்.

"இல்ல."

தலையும் பக்கவாட்டில் அசைந்தது. ஆகவே இது உண்மையான இல்லை.

'விடைபெற்றதற்கான அடையாளம் ஏதும் இல்லை.'

"இல்ல. இல்ல."

இவ்வளவு கறாரான விமர்சகர் எனக்கு எங்கேயும் வாய்த்ததில்லை. வேலைக்குப் போகாமல் வீட்டோடு உட்கார்ந்து, சூப்பும் குடித்துக்கொண்டு, ஒரே சொல்லில் என் பிழைப்பைக் கெடுக்கிறான்.

ஆனால் மற்ற இடங்களில் வரிகளின் கடைசிச் சொல் வருகிறது. நான் 'கதவின் பின்னால் ஒரு' என்று நிறுத்தினால் "கொக்கி" என்கிறான். 'கோட்டுக்குள் யாரும்' என்றால் அது சுலபம், "இல்ல." இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

பிப்ரவரி 24

நேற்று 'அடையாளம்' வரியை மாடியில் சொன்னேன். மரியாதைக்குக் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலை எனக்கு நன்றாகத் தெரியும். ஈரத் துணியைக் கல்லில் போட்டது போல இருக்கும்.

மார்ச் 5, ஞாயிறு

வந்துவிட்டது! தேவாலயத்தில், பூசையில் எல்லோரும் எழுந்து நிற்கும்போது வந்தது. எழுந்திருக்காமல் உட்கார்ந்தே இருந்துவிட்டேன், பக்கத்து அம்மாள் முழங்கையால் இடித்தாள்.

*திரும்பும் நினைப்பு மட்டும் இல்லை.*

இதுதான். சந்தேகமே இல்லை. அன்றைக்கு நான் சொன்ன வரி இதுதான்.

ஏனென்றால் கவிதையே இதற்காகத்தான். 1990 மார்ச்சில் அம்மாவோடு பெரிய சண்டை போட்டுவிட்டு, ஒரு வெள்ளிக்கிழமை காலை அப்பா டப்ளினுக்கு ரயிலேறினார். எங்கே போகிறேன், எப்போது வருவேன் என்று எதுவும் சொல்லவில்லை. அன்று சாயங்காலமே ஆற்றங்கரைச் சாலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்துபோனார். மார்ட்டின் மாமாவும் டோனலும் போய்க் கூட்டி வந்தார்கள்—கூட்டி வந்தார்கள் என்று எழுதுகிறேன் பார். டோனலுக்குப் பதினேழு வயது. கோட்டைக் கையில் மடித்து எடுத்து வந்தவன் அவன்தான். அம்மா வாங்கிக் கொக்கியில் மாட்டினாள். அதற்குப் பிறகு அப்பா கிளம்பிப் போனதைப் பற்றி இந்த வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. சாகப் போகிறவர் எங்களை விட்டும் போய்க்கொண்டிருந்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அதைத்தான் கவிதையில் வைத்தேன்.

இரவுச் சாப்பாட்டின்போது டோனலுக்கு முழுதாகச் சொன்னேன், கடைசி வரியோடு.

அவன் முகம் சிவந்துவிட்டது. "இல்ல! இல்ல! நாசமாப் போ!" கரண்டியைத் தூக்கி எறிந்தான். சுவரில் சூப்.

எனக்கும் பொத்துக்கொண்டு வந்தது. என்னடா வேணும் உனக்கு? இதுதான்டா அந்த வரி. உனக்கு மனப்பாடம்தானே, நீயே சொல்லேன் பார்க்கலாம்—இப்படியெல்லாம் கத்திவிட்டேன். பேச முடியாதவனைப் பார்த்து, சொல்லேன் பார்க்கலாம் என்று. அவன் அழுதான். நான் சுவரைத் துடைத்தேன்.

மார்ச் 6

இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அதாவது, நான் பேசவில்லை.

மார்ச் 17, வெள்ளி

எங்கள் நாட்டுப் புனிதரின் திருநாள், ஊரெல்லாம் பச்சைத் தொப்பி. ஊர்வலம் பார்க்க டோனலைச் சந்து முனைவரை கூட்டிப் போனேன். பழைய சிநேகிதர்கள் வந்து தோளைத் தட்டினார்கள், பதிலுக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் அவர்களே பேசி அவர்களே சிரித்துவிட்டுப் போனார்கள். அவன் என் கையைப் பிடித்தபடியே நின்றான்.

நேற்று மாடியில் அந்த வரியைச் சொன்னேன். 'திரும்பும் நினைப்பு மட்டும் இல்லை.' மெதுவாக, நூலா சொன்ன மாதிரி. நன்றாகவே சொன்னேன். கைதட்டினார்கள், இந்த முறை மனதோடுதான். ஆனால் ஊசி விழும் அமைதி வரவில்லை.

கீழே இறங்கியதும் டெக்லன் மூக்கைச் சொறிந்துகொண்டு வந்தான்.

"மேவ், கோவிச்சுக்காத. இந்த வரி நீ சொன்னதுதான். ஆனா நாங்க அமைதியானது இதுக்கு இல்ல."

"பின்ன எதுக்கு?"

"இப்பத்தான் ஞாபகம் வருது. நீ இதைச் சொன்னதும் பின்னாலேர்ந்து உன் தம்பி என்னமோ கத்துனான். எல்லாரும் கொல்லுனு சிரிச்சோம். அப்புறம் பின்மேசை சிரிப்பை நிறுத்திடுச்சு. அதுக்கு முன்னாடி மேசையும் நிறுத்திடுச்சு. அப்படியே ஒவ்வொண்ணா அமைதி முன்னால வந்துச்சு, அலை மாதிரி. எங்க வரிசைக்கு வந்தப்ப எதுக்குன்னே தெரியாம நாங்களும் அமைதியாயிட்டோம்."

"என்ன கத்துனான்?"

"முன்வரிசைக்குக் கேக்கல. பின்மேசைக்காரங்களுக்குத்தான் தெரியும்."

பின்மேசைக்காரர்களில் ஒருவன் கனடாவில் எங்கேயோ இருக்கிறான். ஒருவன் கல்லறையில். மிச்சம் இருப்பது டோனல்.

மார்ச் 18

ஆமாம். எல்லாம் ஞாபகம் வருகிறது. விரும்பித்தான் மறந்திருக்கிறேன் போல.

கடைசி வரியை வீட்டில் ஒத்திகையில்கூடச் சொன்னதில்லை, அன்றைக்கு மாடியில்தான் முதல் முறை சொன்னேன். சிரிப்புதான் என் காதில் விழுந்தது. வேறெதுவும் கேட்கவில்லை. அப்பாவின் கோட்டைச் சொல்லும்போது கூடவா கலாய்ப்பான்? மாடிப்படியில் அவனைப் பிடித்து வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவன் ஏதோ சொல்ல வந்தான். "வாயை மூடு, உனக்கு எல்லாமே விளையாட்டு" என்றேன். மூடிக்கொண்டான். அடுத்த வாரம் லீட்ஸில் வேலை கிடைத்துப் போய்விட்டேன். அப்புறம் போனில் முப்பது வருடம் மழையையும் பந்தாட்டத்தையும் பற்றிப் பேசினோம்.

டோனல் அப்படித்தான். உண்மையை நேராகச் சொல்லத் தெரியாது அவனுக்கு, நாலு பேர் நடுவில் வேடிக்கை மாதிரித்தான் சொல்வான். அதனால் யாரும் நம்பவும் மாட்டார்கள்.

இன்று அவனிடம் கேட்டேன். "அன்னைக்கு என்னடா கத்துன?" வாயைத் திறந்தான். கழுத்து நரம்பு புடைத்தது. "இல்ல" என்றான். மறுபடி திறந்தான். "இல்ல." பிறகு இடது கையை நீட்டிக் கதவைக் காட்டினான். கோட்டை.

பைகளைத் திரும்பத் துழாவினேன். கைக்குட்டை இருக்கிறது, அம்மா துவைத்து மடித்து வைத்தது. வேறொன்றும் இல்லை.

மார்ச் 23, வியாழன்

காலையில் ஷிவானிடம் விசாரித்தேன். "பழைய இடம், பழைய சத்தம், அந்தச் சூழ்நிலையில சில பேருக்கு வரும். சில பேருக்கு வராது. வராமப் போனா அவர் நொந்து போயிடுவாரு. அதையும் யோசிச்சுக்கோங்க" என்றாள்.

யோசித்தேன். அவனிடமே கேட்டேன். "ஹெனிகனுக்கு வர்றியா? எல்லாரும் பாப்பாங்க. பேச வரலைன்னா சிரமமா இருக்கும்."

"இல்ல" என்றான். தலை மேலும் கீழும் ஆடியது, இரண்டு தடவை.

மார்ச் 31, வெள்ளி

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

நேற்று கிளம்பும்போது டோனல் கதவருகே போனான். அவன் மேல்சட்டையை எடுக்கப் போகிறான் என்று நினைத்தேன். அப்பாவின் கோட்டை எடுத்தான். கொக்கியிலிருந்து எடுத்தே விட்டான்! வலது கையை நுழைக்க முடியவில்லை, நான் பிடித்துவிட்டேன். தோளில் சரியாக உட்கார்ந்தது. அப்பா விழுந்த வயதை டோனல் போன மாதம்தான் தாண்டினான்.

மாடிப்படி ஏற ரொம்ப நேரம் ஆயிற்று. நூலா பின்னால் ஜன்னலோர மேசையைக் காலி செய்து வைத்திருந்தாள். "வாடா ரவுடி, இன்னைக்காவது கவிதையைக் கேளு" என்றாள். "நாசமாப் போ" என்றான் அவன். அரங்கமே ஆரவாரம் செய்தது. அவன் முகத்தில் பழைய டோனல் ஒரு நிமிடம் வந்து போனான்.

பூனை டப்பாவிலிருந்து என் பேர் வந்தது. ஏறினேன்.

மெதுவாகச் சொன்னேன். கொக்கி. கோட்டு. வழிவிட்டே நடந்தோம். கோட்டு எதிரேயே உட்கார்ந்திருந்தது, அதற்குள் ஆள் இருந்தது. அம்மா தொட்டுப் பார்ப்பாள். கைக்குட்டை, பாதி மிட்டாய், கொஞ்சம் புகையிலைத் தூள்.

*திரும்பும் நினைப்பு மட்டும் இல்லை.*

வழக்கமாக இத்தோடு முடியும். நான் இறங்கவில்லை. குதிகாலால் தரையைத் தட்டினேன்.

டெக்லன் தலையைக் குனிந்துகொண்டான். எல்லோருக்கும் புரிந்துவிட்டது, யார் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று. டோனலின் வாய் திறந்து மூடியது. திறந்து மூடியது. நான் ஏன் இவனை இப்படி நிறுத்தினேன், ஏன் இதைச் செய்தேன், போதும், இறங்கிவிடலாம் என்று ஒரு காலை எடுத்தும் வைத்துவிட்டேன்.

"பொய் சொல்றா! உள்பையில ரிட்டர்ன் டிக்கெட் இருந்துச்சு!"

முழுசா. ஒரு சொல்லும் உடையாமல். இருபது வயதுப் பையனின் கேலிக் குரலில், கடைசி எழுத்தை இழுத்து, அன்றைக்குக் கத்திய மாதிரியே.

முன்வரிசையில் இரண்டு பேர் சிரிக்க ஆரம்பித்து நிறுத்தினார்கள். அப்புறம் அந்த அமைதி வந்தது. எனக்கு இந்த முறை கேட்டது.

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. அவன் முன்னால் போய் முட்டி போட்டேன். "வர டிக்கெட்டும் எடுத்திருந்தாரா? அப்பா திரும்பி வர்றதா இருந்தாரா டோனல்?"

"இல்ல" என்றான். தலை ஆடியது. மேலும் கீழும், மேலும் கீழும். கண்ணீர் கோட்டின் மேல் சொட்டியது.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"இல்ல." ஆட்டினான்.

அம்மாவுக்குத் தெரியும். அவன் டிக்கெட்டை எடுத்து அம்மாவிடம் கொடுத்திருக்கிறான். அதனால்தான் மழை பிடித்தால் போய்த் தொட்டுப் பார்த்திருக்கிறாள். நான் அதைப் பைத்தியம் என்று நினைத்தேன், அழகான வரி என்று எடுத்து வைத்துக்கொண்டேன். அவள் வருகிறவருக்காகக் காத்திருந்திருக்கிறாள். எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வந்த ஒருவனை வாயை மூடு என்றேன். ஐயோ அப்பா!

ஏப்ரல் 2, ஞாயிறு

அந்த வாக்கியம் வீட்டில் வரவில்லை. எத்தனை முறை முயன்றும் 'இல்ல'தான். ஷிவான் அப்படித்தான் இருக்கும், அவசரப்படாதீர்கள் என்கிறாள். ஆனால் 'பொய்' மட்டும் தங்கிவிட்டது. காலையில் கஞ்சி நன்றாக இருக்கிறது என்றேன். "பொய்" என்றான்.

ஏப்ரல் 14

கவிதையை மாற்றவில்லை. என் வரி தப்பான வரிதான், அது அப்படியே இருக்கட்டும். அதைச் சொல்லிவிட்டுத் தட்டுவேன். நேற்று அவனுக்கு வரவில்லை. பின்மேசையில் இருந்த ஒரு பெண் அவன் வரியை எடுத்துக் கொடுத்தாள், அடுத்த மேசையும் சேர்ந்துகொண்டது, டெக்லன் எல்லோரையும் விட உரக்க. டோனல் ராஜா மாதிரி கோட்டோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

ஏப்ரல் 20, வியாழன்

மாடியிலிருந்து வரும்போது நல்ல மழை. குடை எடுக்கவில்லை. டோனல் வழியெல்லாம் என் நடையைக் கேலி செய்து காட்டிக்கொண்டே வந்தான். வந்ததும் அவன் அடுப்பருகே போய்விட்டான், நான் கோட்டை வாங்கிக் கொக்கியில் மாட்டினேன்.

தொட்டுப் பார்த்தேன். நனைந்திருந்தது.